சரளமாக வாசிக்கிறான், கேட்டால் சொல்லத் தெரியவில்லை

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். கணவர் லாரி ஓட்டுநர். ஒரே மகன் தமிழ்வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். கதைப் புத்தகம் கொடுத்தால் கீழே வைக்காமல் படித்து, அந்தக் கதையை உற்சாகமாகச் சொல்கிற பையன். தமிழில் நல்ல மதிப்பெண் வருகிறது. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் மட்டும் தேர்வுக்குத் தேர்வு மதிப்பெண் இறங்குகிறது. ஓர் இரவு இதயத்தைப் பற்றிய பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஓரிடத்திலும் தடுமாறாமல் இரண்டு பக்கங்களையும் படித்து முடித்தான். “என்னப்பா படிச்சே?” என்று கேட்டதற்கு, “நீலத் திமிங்கலத்தோட இதயம் ரொம்பப் பெரிசும்மா” என்றான். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. கோபத்தில் அடித்துவிட்டார், அன்றிரவு அவருக்கும் தூக்கம் வரவில்லை.

டியூஷன் ஆசிரியர், பையனுக்கு அக்கறை இல்லை, கைடு வாங்கி ஒருவரி விடைகளை மனப்பாடம் செய்ய வையுங்கள் என்கிறார். நாத்தனார், இது டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு), சான்றிதழ் வாங்கிவிட்டால் தேர்வில் சலுகை கிடைக்கும் என்கிறார். கணவரோ, நாங்கள் படித்த காலத்தில் கறுப்பு வெள்ளைப் புத்தகம்தான், இந்த வண்ணப் படங்கள்தான் பிள்ளையைக் கெடுக்கின்றன, அடுத்த ஆண்டு ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார். படங்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பார்த்தும் பயன் இல்லை. குறை மகனிடமா, புத்தகத்திலா, எதைச் செய்வது என்று கேட்டு, அந்த இரண்டு பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பள்ளியையும் புத்தகத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அந்தப் பக்கங்களை அதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். “நீ வேணும்னே சொல்லாம இருக்கேன்னு நினைச்சுட்டேன், அது என் தப்பு” என்று நீங்களே அவனிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எந்தச் செய்தி மனத்தில் நிற்கும்படி அந்தப் பக்கம் அமைக்கப்பட்டிருந்ததோ, அந்தச் செய்தியைத்தான் உங்கள் மகன் திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

குறை எங்கே என்று பிரித்துப் பார்ப்பது

சரளமாக வாசிக்கிற பிள்ளைக்குப் பொருளும் புரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது இயல்பு. பல ஆசிரியர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வாசிப்பை ஆராய்ந்த பிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவரும் 1986-இல் முன்வைத்த எளிய விளக்கம் ஒன்று இன்றும் எங்களுக்குப் பயன்படுகிறது. எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. அந்தச் சொற்களைக் காதால் கேட்டால் பொருள் கொள்ளும் திறன் மற்றொன்று. வாசித்துப் புரிந்துகொள்வது இவ்விரண்டின் பெருக்கற்பலன் என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: ஒன்று பூஜ்ஜியத்தை நெருங்கினால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்ஜியத்தை நெருங்கிவிடும்.

தமிழில் இந்த வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது என்பதால், எழுத்துக் கூட்டப் பழகிய குழந்தை முன்பின் கேட்டிராத சொல்லையும் பிழையில்லாமல் சொல்லிவிடும். ‘ஆக்ஸிஜனேற்றப்பட்ட இரத்தம்’ என்று உங்கள் மகன் வாய் குழறாமல் சொன்னதைக் கேட்டு நீங்கள் நிம்மதி அடைந்திருப்பீர்கள். அந்தத் தொடர் அவன் மனத்தில் எதையாவது எழுப்பியதா என்பதை அந்த ஒலிப்பிலிருந்து அறிய முடியாது.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அவன் இன்னும் படிக்காத பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, படத்தைக் காட்டாமல், நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு, “இதை உன் ஃப்ரெண்டுக்கு எப்படிச் சொல்வே?” என்று கேளுங்கள். கேட்டபோது ஓரளவு சொல்கிறான், தானே படிக்கும்போது சொல்ல முடியவில்லை என்றால், சிக்கல் பக்கத்தின் அமைப்பிலோ, கண் பார்வையிலோ, அல்லது வாசிப்பதற்கே அவன் முழு முயற்சியும் செலவாகிவிடுவதிலோ இருக்கிறது. கேட்டும் சொல்ல முடியவில்லை என்றால் பாடத்தின் சொற்களும் அவற்றுக்குப் பின்னுள்ள செய்திகளும் அவனுக்குப் புதியவை. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு வாய்ப்பேச்சில்தான் தொடங்க வேண்டும். இதற்கிடையில் ஒருமுறை கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று ஆண்டுக்கணக்கில் திட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்கள்

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘அமைப்பும் செயல்பாடும்’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதி எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறது என்பது அதில் இல்லை. தலைப்பின் வேலை என்ன என்பதை உங்களுக்கே காட்ட ஒரு பத்தி எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்: “இரண்டையும் தனித்தனியாக நனைய விட வேண்டும். ஒன்றுக்கு நேரம் கூடுதல், மற்றதற்குக் குறைவு. பிறகு ஒன்றாகச் சேர்த்து, கையால் கலந்து, இரவு முழுவதும் தொடாமல் வைக்க வேண்டும். பாத்திரம் சிறியதாக இருந்தால் காலையில் தரையைத் துடைக்க நேரும்.” ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், இருந்தும் முதல் இரண்டு வரிகளில் மனம் பிடி கிடைக்காமல் தவித்திருக்கும். ‘இட்லி மாவு’ என்று முதலிலேயே தலைப்பிட்டிருந்தால் அந்தத் தவிப்பே இருந்திருக்காது. ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் ஆகியோர் 1972-இல் துணி துவைப்பதைப் பற்றிய இதேபோன்ற ஒரு பத்தியை வைத்துச் சோதித்தார்கள். எதைப் பற்றியது என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அது ஏறக்குறைய உதவவே இல்லை. ‘இதயத்துக்கு ஏன் நான்கு அறைகள்?’ என்று ஒரு கேள்வி தலைப்பில் இருந்திருந்தால் உங்கள் மகன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்திருப்பான்.

அடுத்து, படம். இதயத்தின் பாகங்களைப் படத்தின் மேலேயே எழுதாமல் 1, 2, 3 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். எண்களுக்கான பெயர்ப்பட்டியல் பக்கத்தைத் திருப்பினால்தான் கிடைக்கிறது.  பத்தியில் ‘வலது ஆரிக்கிள்’ (இதயத்தின் வலது மேலறை) என்று படிக்கிற பிள்ளை, அச்சொல்லை மனத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பி, எண்ணைக் கண்டுபிடித்து, மறுபடியும் படத்துக்கு வந்து, அந்த எண்ணைத் தேடி, பிறகு விட்ட வரிக்குத் திரும்ப வேண்டும். பெரியவர்களாலும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்க முடிகிற செய்திகள் மிகச் சிலவே. அந்தச் சிறிய இடம் முழுவதும் தேடுவதிலேயே தீர்ந்துவிட்டால் புரிந்துகொள்ள என்ன மிஞ்சும்? ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் பால் சாண்ட்லரும் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஒன்றையொன்று சார்ந்த படத்தையும் விளக்கத்தையும் தனித்தனியே பிரித்து வைப்பது கற்றலைக் குறைக்கிறது என்று காட்டினார்கள்.

அதே படத்தில் இன்னும் ஆழமான இரண்டு தடுக்கல்கள் உண்டு. இதயப் படம், எதிரே நிற்கும் மனிதரின் இதயத்தைப் பார்ப்பதுபோல் வரையப்படுவது மரபு. ஆகவே இதயத்தின் இடது பக்கம், படிப்பவருடைய வலது கைப்பக்கம் வரும். இது எங்கும் சொல்லப்படவில்லை. ‘இடது வெண்ட்ரிக்கிள்’ (இடது கீழறை) என்று படித்துவிட்டுப் படத்தின் இடப்பக்கத்தைப் பார்க்கும் பிள்ளை, தவறான அறையைத்தான் பார்க்கிறான். அங்கிருந்து அவன் படிக்கிற ஒவ்வொரு வரியும் படத்தோடு முரண்படுகிறது. இரண்டாவது தடுக்கல் நிறம். ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தை நீல நிறத்தில் காட்டுவது பாடநூல் வழக்கம். உண்மையில் அது கருஞ்சிவப்பு. அந்த நீலம் ஓர் அடையாளம் மட்டுமே என்று சொல்லாததால், உடம்பில் நீல இரத்தம் ஓடுவதாக நம்பும் மாணவர்களை மேல்நிலை வகுப்புகளில்கூடச் சந்தித்திருக்கிறேன். சிவப்பு என்றால் தமனி (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்), நீலம் என்றால் சிரை (இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்) என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனி, ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தைத்தான் கொண்டுசெல்கிறது. படத்தில் அது நீலமாக இருக்கிறது. கவனமாகப் படிக்கிற பிள்ளைதான் இங்கே அதிகம் குழம்புவான்.

திமிங்கலத்துக்கு வருகிறேன். இரத்தம் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய் இடப்பக்கத்துக்குத் திரும்பும் வழியை விளக்கும் பத்தியின் நட்டநடுவே, மஞ்சள் பின்னணியில், தடித்த எழுத்தில், ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. பக்கத்திலேயே மிக அழகாகவும் பெரிதாகவும் அச்சிடப்பட்ட செய்தி அதுதான். ரூத் கார்னரும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு முதல் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்: பாடத்தின் மையத்தோடு தொடர்பில்லாத சுவையான துணுக்கை இடையில் சேர்த்தால், துணுக்கு நினைவில் நிற்கிறது, மையக்கருத்து நழுவுகிறது. பெட்டியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாடம் முடிந்த பிறகு அது வரலாம். அல்லது, அவ்வளவு பெரிய உடம்புக்கு இரத்தத்தை அனுப்ப அவ்வளவு பெரிய இதயம் வேண்டியிருக்கிறது என்று பாடத்தோடு அதைப் பிணைத்திருக்கலாம்.

அந்தப் பெட்டிக்கும் படத்துக்கும் இடம் விட்டதில், பத்தியின் சில வரிகள் இரண்டு சொல் அகலத்துக்குச் சுருங்கிவிட்டன. தமிழில் சொற்கள் நீளமானவை. இரண்டு ஓரங்களும் நேராக இருக்க வேண்டும் என்று பார்க்கும்போது சொற்களுக்கு இடையே பெரிய இடைவெளி விழுகிறது, இல்லையென்றால் சொல் பாதியில் உடைகிறது. ‘ஆக்ஸிஜனேற்றப்’ ஒரு வரியிலும் ‘பட்ட’ அடுத்த வரியிலும் இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

வண்ணமும் கைடும்

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பக்கத்தில் இருப்பவையெல்லாம் கண்ணை இழுத்தால் எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் வண்ணத்தையே பழி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரத்த ஓட்டத்தைப் படமில்லாமல் விளக்குவது மிகக் கடினம். இரண்டு வகை இரத்தத்தையும் நிறத்தால் பிரித்துக் காட்டுவது, அது அடையாளம் என்று சொல்லிவிட்டால், பெரும் உதவி. படங்களை மறைத்து எடுத்த ஜெராக்ஸில் இடையூறோடு சேர்ந்து அந்த உதவியும் போய்விட்டது. அது பயன்படாமல் போனதில் வியப்பில்லை.

கைடைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய வாக்கியம் என்றால் எளிய வாக்கியம் என்று நாம் நம்பிவிடுகிறோம். இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள். “இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிமனானது. இது உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது.” இது கைடு பாணி. “வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும், இடது வெண்ட்ரிக்கிளோ உடல் முழுவதற்கும் இரத்தத்தை அழுத்தி அனுப்ப வேண்டியிருப்பதால், அதன் சுவர் அதிகத் தடிமனாக இருக்கிறது.” இரண்டாவது நீளமானது, ஆனால் ‘ஏன்’ என்பதை அது சொல்லிவிடுகிறது. முதலாவது அந்தக் காரணத்தைப் பிள்ளையே ஊகிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. பாடத்தை ஏற்கெனவே அறிந்தவரால்தான் அப்படி ஊகிக்க முடியும். டேனியெல் மெக்னமாராவும் வால்டர் கின்ட்ஷும் மற்றவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தற்செயலாக இதய நோயைப் பற்றிய பகுதியையே நடுநிலை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னறிவு குறைந்த மாணவர்களுக்கு, ‘ஆகவே’, ‘ஏனெனில்’ போன்ற இணைப்புகளும் விளக்கங்களும் நிறைந்த வடிவமே உதவியது. பாடத்தை முன்பே ஓரளவு அறிந்தவர்களோ, ஆழமான கேள்விகளில், இடைவெளி விட்டு எழுதிய வடிவத்தைப் படித்தபோது மேலும் நன்றாகச் செய்தார்கள். இடைவெளியை நிரப்ப அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. கைடு, தெரிந்தவன் தேர்வுக்கு முந்தைய நாள் திருப்பிப் பார்க்க உதவலாம். முதன்முறை படிக்கிற உங்கள் மகனுக்கு அதை மட்டும் கொடுத்தால், இருக்கிற கொஞ்ச இணைப்பையும் அறுத்துவிடுவீர்கள்.

டிஸ்லெக்சியாவும் பள்ளி மாற்றமும்

கடிதத்தை மட்டும் வைத்து நான் டிஸ்லெக்சியா உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியவற்றில் அதன் வழக்கமான அறிகுறிகள் தெரியவில்லை. எழுத்துக்கூட்டுவதிலேயே நீண்டகாலம் திணறுவது, வாசிப்பு மிக மெதுவாக இருப்பது, தெரிந்த சொல்லையே வெவ்வேறு விதமாகத் தப்பாக எழுதுவது ஆகியவை இருந்தால் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் மதிப்பீடு செய்துகொள்ளத் தயங்காதீர்கள். சரளமாக வாசித்தும் பொருள் நழுவுகிற வேறு வகைச் சிக்கலும் சில பிள்ளைகளுக்கு உண்டு. கதையைப் படித்துவிட்டு அதையும் சொல்லத் தெரியவில்லை என்றால் அதையும் பார்க்க வேண்டும். உங்கள் மகன் படித்த கதையை உற்சாகமாகச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டறிந்து உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அந்த உரிமை தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். மதிப்பீடு செய்யும் முன்பே சலுகைக்காகச் சான்றிதழைத் தேடிப் போகாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கிலவழிக்கு மாற்றுவது இப்போதைய சிக்கலைத் தீர்க்காது. மேலே சொன்ன பெருக்கலில், கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிதான் அவனுடைய பெரிய பலம். அது தமிழில் இருக்கிறது. அதே இதயப் படமும் அதே பெட்டியும் ஆங்கிலப் புத்தகத்திலும் இருக்கக்கூடும், அப்போது கைகொடுக்க அந்தப் பலம் இருக்காது. வேறு காரணங்களுக்காக மாற்ற நினைத்தால் அதைத் தனியாக யோசியுங்கள்.

வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடியது

அந்தப் பாடத்தை மறுபடியும் எடுங்கள். முதலில் பெட்டிகளின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்துவிடுங்கள். பாடம் முடிந்ததும் பரிசாகத் திறந்து படிக்கட்டும். தலைப்பைக் கேள்வியாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். எண்களை அடித்துவிட்டுப் பாகங்களின் பெயரைப் படத்தின் மேலேயே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். படத்தை அவன் நெஞ்சின் மேல், முன்பக்கம் வெளியே பார்க்கும்படி வைத்து, “இப்ப உன் இடது கை எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேளுங்கள்; இடது வலதுக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு துளி இரத்தமாகத் தன்னை நினைத்துக்கொண்டு, கால் விரலிலிருந்து புறப்பட்டு மறுபடியும் கால் விரலுக்கு வந்து சேரும் வழியை அவன் சொல்லட்டும். கதை பிடித்த பிள்ளைக்கு இது வரும். நீங்கள் வேலை முடிந்து வரும்போது களைத்திருப்பீர்கள் என்பது தெரியும். நாளுக்கு ஒரு பக்கம், 20 நிமிடம் போதும்.

பள்ளியிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலைத் தருவதும், பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பேசுவதும் ஆசிரியரின் கடமை என்கிறது. ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். வகுப்பாசிரியரும் இதே புத்தகத்தோடுதான் போராடுகிறார். 1993-இல், பள்ளிப் பிள்ளைகளின் பாடச்சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு, பாடநூல்கள் சிந்திக்க வைப்பதைவிடத் தகவல்களைத் திணிப்பதற்காகவே எழுதப்படுகின்றன என்று சொன்னபோது அவர் படும் பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னது. அவரிடம் இரண்டே கேட்கலாம்: பாடம் தொடங்கும் முன் அது எந்தக் கேள்விக்கு விடை என்று ஒரு வரி சொல்ல முடியுமா, தேர்வுக்குப் படமும் சொந்த வாக்கியமும் கலந்த விடையை ஏற்பீர்களா.

புத்தகத்தைத் தயாரிப்பவர்களுக்கும் எழுதுங்கள். ‘புத்தகம் கடினம்’ என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. எந்தப் பக்கம், எந்தப் படம், பிள்ளை எங்கே எதைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்று எழுதுங்கள்: “படத்தில் இதயத்தின் இடதுபுறம் எது என்ற குறிப்பு இல்லை, பாகங்களின் பெயர் அடுத்த பக்கத்தில் இருக்கிறது, இரத்தம் செல்லும் வழியின் நடுவே பெட்டி வருகிறது.” முகவரி புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். உங்கள் மகன் பெயர்களை எழுதித் திருத்திய அந்தப் படத்தை, இந்த முறை வண்ணத்திலேயே நகலெடுத்து, கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.